மோட்டார் ரூமின் மின்னழுத்தத்தைப் பாதுகாப்பாக அளப்பது: ஐசொலேஷன் மாட்யூல்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்யும் ஒரு விவசாயி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்டது எளிமையான ஒன்றுதான். "தம்பி, மூணு பேஸும் சரியா வருதான்னு வீட்ல இருந்தே தெரிஞ்சா போதும். ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு மோட்டார் ரூம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வர முடியல" என்றார். கைக்கு அடக்கமான ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகை, மூன்று அளவீட்டு மாட்யூல்கள், வீட்டில் ஒரு சிறு திரை என்று மனத்துக்குள் படம் வரைந்துகொண்டு, "ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் இரண்டு மாதமானது. அந்த இரண்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு இதே வேலையை வேறு இடங்களில் செய்தபோது உறுதிப்பட்டதையும், இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன். மல்டிமீட்டரைக் கையாளவும் ஆர்டுயினோவில் சிறு நிரல் எழுதவும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். மெயின் லைனில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள், இணைப்பு வேலையை மட்டும் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

தடுப்புச் சுவர் எதற்கு

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த 230 என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு, அதாவது ஏறி இறங்கும் அலையின் ஒருவகைச் சராசரி; அலையின் உச்சி 325 வோல்ட் வரை ஏறி, அதே அளவு எதிர்த்திசையில் இறங்குகிறது. ஆர்டுயினோ உனோவின் அளவீட்டுக் கால் 0 முதல் 5 வோல்ட் வரைதான் தாங்கும், அதுவும் நேர்த்திசையில் மட்டும். ஆகவே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், எதிர்த்திசைப் பாதியை மேலே தூக்கி நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் இரண்டு மூன்று ரெசிஸ்டர்களே செய்துவிடுமே, தனியாக ஒரு மாட்யூல் எதற்கு என்ற கேள்வி யாருக்கும் எழும். எனக்கும் எழுந்தது.

மானூர் வேலையின் முதல் முயற்சியில் ரெசிஸ்டர்களால் ஒரு பிரிப்பானைக் கட்டி, அதன் கீழ்முனையை நியூட்ரலோடும் ஆர்டுயினோவின் கிரவுண்டோடும் இணைத்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த மோட்டார் ரூம் பிளக் பாயிண்டில் யாரோ எப்போதோ பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். நான் நியூட்ரல் என்று நம்பிய கம்பி உண்மையில் பேஸ்; ஆகவே ஆர்டுயினோவின் கிரவுண்டே 230 வோல்ட்டில் நின்றது. அதில் மடிக்கணினியின் யூ.எஸ்.பி. கம்பியைச் செருகினேன். மடிக்கணினி மூன்று முனைப் பிளக் வழியாக எர்த்தோடு சேர்ந்திருந்தது. பேஸிலிருந்து பலகையின் கிரவுண்டுக்கும், அங்கிருந்து யூ.எஸ்.பி. உறைக்கும், அங்கிருந்து எர்த்துக்கும் மின்சாரம் பாய, பட்டென்ற சத்தத்தோடு பலகையும் யூ.எஸ்.பி. துளையும் கருகின. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால் வெடிப்பு இருந்திருக்காது. அதன் உலோகப் பாகங்கள் சத்தமில்லாமல் 230 வோல்ட்டில் இருந்திருக்கும், நான் அதைத் தொட்டிருப்பேன்.

ஐசொலேஷன் என்பது இந்த ஆபத்துக்கான விடை. அளக்கப்படும் பக்கத்துக்கும் அளக்கும் பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லாமல், அலையின் வடிவம் மட்டும் கடந்து வரும்படி செய்வது. மெயின் பக்கத்தில் எந்தக் கம்பி பேஸ், எந்தக் கம்பி நியூட்ரல் என்பது மாறிப் போயிருந்தாலும் நம் பக்கத்துக் கிரவுண்ட் பாதிக்கப்படாது.

கடக்கும் வழிகள்

இந்தச் சுவரை அலை கடப்பதற்கு வழக்கில் உள்ள வழிகள் மூன்று. முதலாவது காந்த வழி: சிறு மின்மாற்றியின் ஒரு சுருளில் மின்னோட்டம் பாய, மறு சுருளில் அதே வடிவம் எழுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இசட்.எம்.பி.டி.101பி இந்த வகை. பெயருக்கு அது வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் என்றாலும், வேலை செய்வது மின்னோட்ட மாற்றியாகத்தான். முதன்மைச் சுருளுக்கு முன் உள்ள பெரிய ரெசிஸ்டர்கள் மின்னழுத்தத்தை 2 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத மின்னோட்டமாக மாற்ற, அது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மறுபக்கம் போகிறது. இரண்டாவது, ஐசொலேஷன் ஆம்பிளிஃபயர் என்னும் சில்லு: ஏ.எம்.சி.1100 போன்றவை உள்ளே வரும் அழுத்தத்தை இலக்கத் துடிப்புகளாக மாற்றி நுண்ணிய மின்தேக்கித் தடுப்பு வழியாகவும், எச்.சி.பி.எல்.7840 போன்றவை ஒளி வழியாகவும் கடத்துகின்றன. மூன்றாவது, காந்தப்புலத்தை உணரும் ஹால் விளைவைப் பயன்படுத்தும் டிரான்ஸ்டியூசர். லெம் நிறுவனத்தின் எல்.வி.25-பி இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம், முதன்மைப் பக்கம் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் மறுபக்கம் 25 மில்லி ஆம்பியர் தரும்.

மின்மாற்றி வகையால் டி.சி.யை அளக்க முடியாது. சோலார் பம்பின் பேனல் அழுத்தத்தையோ, மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யின் உள்ளே இருக்கும் டி.சி. பாதையையோ அளக்க வேண்டும் என்றால் மற்ற இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஐசொலேஷன் ஆம்பிளிஃபயருக்கு மெயின் பக்கத்திலும் தனியாக 5 வோல்ட் ஊட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஊட்டமும் ஐசொலேஷன் உள்ள டி.சி.-டி.சி. மாற்றி வழியாகவே வர வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் அது. மின்மாற்றிக்கு மெயின் பக்கத்தில் ஊட்டம் எதுவும் தேவையில்லை. 50 ஹெர்ட்ஸ் மெயின் அழுத்தத்தை மட்டும் அளக்கப் போகிறவர் மின்மாற்றி வகையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

சுற்று எதையும் தாமே கட்ட விரும்பாதவர்களுக்கு பி.இசட்.ஈ.எம்.-004டி போன்ற முழுமையான மாட்யூல்கள் உண்டு. அவை தாமே கணக்கிட்டு, ஒளியால் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாக எண்ணாகவே அனுப்பிவிடும். ஆனால் அதன் அளவீட்டு எல்லை 80 முதல் 260 வோல்ட். பேஸ் அறுந்து 40 வோல்ட் மட்டும் மிதந்து நிற்பதை அது நம்பகமாகச் சொல்லாது. நம் ஊர் மோட்டார் ரூமில் தெரிந்தாக வேண்டியது பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மாட்யூலின் விவரத் தாளில் 3000 வோல்ட், 4000 வோல்ட் என்று ஐசொலேஷன் எண் ஒன்று பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அது ஒரு நிமிடச் சோதனையில் தாங்கிய அழுத்தம். நாள் முழுதும், ஆண்டு முழுதும் தாங்கும் அழுத்தம் அன்று. தொடர்ந்து தாங்கும் அழுத்தம் வேலை அழுத்தம் என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், அதைத்தான் நம் 230 அல்லது 415 வோல்ட்டோடு ஒப்பிட வேண்டும். தவிரவும், அந்த எண் மின்மாற்றிக்கு உரியது. அது பொருத்தப்பட்டிருக்கும் பலகைக்கும் உரியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலகையைத் திருப்பிப் பிடித்து, மெயின் முனைகளின் செம்புக்கும் மறுபக்கச் செம்புக்கும் உள்ள மிகக் குறுகிய இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். 230 வோல்ட் வேலைக்கு அது 6 மில்லிமீட்டருக்குக் குறையும் பலகைகளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். விலை குறைந்த பலகைகளில், சால்டர் வைத்த பிறகு ஒட்டிக்கிடக்கும் ஃபிளக்ஸ் பசையின் கறை இந்த இடைவெளியை இன்னும் குறைக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்தேய்க்கும் பிரஷும் கொண்டு துடைத்துவிட வேண்டும்.

தொழிற்சாலை மாட்யூல்களின் கதை சற்று வேறு. இரும்புத் தண்டவாளம் போன்ற டின் ரயிலில் மாட்டும் அவை 0–300 வோல்ட் அல்லது 0–500 வோல்ட் அளவை 4–20 மில்லி ஆம்பியர் அல்லது 0–10 வோல்ட் சமிக்ஞையாக மாற்றித் தருகின்றன. அவற்றின் பட்டியலில் 110 வோல்ட் உள்ளீடு என்று ஒரு வகை இருப்பதைக் கண்டு புதியவர்கள் குழம்புவதுண்டு. ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளின் மின்சாரம் சேரும் துணை மின்நிலையங்களில் 11,000 அல்லது 33,000 வோல்ட்டைப் பொட்டன்ஷியல் டிரான்ஸ்பார்மர் முதலில் 110 வோல்ட்டாகக் குறைத்துவிடும். அதற்குப் பின்னால் வரும் மாட்யூல்தான் அது. நம் பம்ப்செட்டுக்கு அது பொருந்தாது.

மேசையில் முதல் சோதனை

புது மாட்யூலை நேராக மெயினில் கொடுக்காதீர்கள். மெயின் முனைகள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றாகச் சேர்த்து முறுக்குங்கள். மறுபக்கத்தின் ஊட்டம், கிரவுண்ட், வெளியீடு ஆகிய அனைத்தையும் அதேபோல ஒன்றாகச் சேருங்கள். இப்போது காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரை இந்த இரண்டு கட்டுகளுக்கும் நடுவே வைத்துச் சுழற்றினால் 100 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். முனைகளைச் சேர்க்காமல் மெக்கரைக் கொடுத்தால் 500 வோல்ட் சில்லின் மீதே பாய்ந்து அதைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் அந்த முறுக்கை மறக்கக் கூடாது. மெக்கர் சொந்தமாக இல்லை என்றால் மோட்டார் வைண்டிங் கடைகளில் கட்டாயம் இருக்கும், ஐந்து நிமிட வேலை.

பொருத்துவது

மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் யாராவது, "ஏன் கரண்டு இல்ல?" என்று சுவிட்சைத் தூக்கிவிட்டாலும் பியூஸ் உங்கள் பையில் இருக்கிறது. டெஸ்டரால் பார்ப்பதற்கு முன், அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை உயிருள்ள வேறொரு முனையில் பார்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் கேட் III (CAT III) 600 வோல்ட் என்ற பாதுகாப்புக் குறிப்பு இருக்க வேண்டும். அளவெடுக்கும் கம்பியை மின் மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் பிறகுதான் எடுக்க வேண்டும்; மீட்டருக்கு முன்னால் எதையும் தொடுவது சட்டப்படி குற்றம்.

கம்பி எடுக்கும் இடத்திலேயே ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு சிறு எச்.ஆர்.சி. பியூஸ் வையுங்கள். மாட்யூல் இழுப்பது 2 மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால், பியூஸ் காப்பாற்றுவது மாட்யூலை அன்று, அங்கிருந்து மாட்யூல் வரை வரும் மெல்லிய கம்பியை. அந்தக் கம்பி எங்காவது உரசி ஷார்ட்டானால், பியூஸ் இல்லாத நிலையில் அதுவே எரியும் திரியாகிவிடும். சாதாரணக் கண்ணாடி பியூஸ் பெரிய ஷார்ட்டில் வெடிக்கும். மணல் நிரப்பிய பீங்கான் வகையைத்தான் வாங்க வேண்டும். பியூஸுக்குப் பிறகு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே, திடீரென எகிறும் அழுத்தத்தை உறிஞ்சும் 275 வோல்ட் எம்.ஓ.வி. ஒன்று. சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி விழும் ஊரில் அது இல்லாமல் எந்த மாட்யூலும் ஓர் ஆண்டைத் தாண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

நியூட்ரல் என்று நினைக்கும் கம்பி உண்மையாகவே கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல்தானா என்பதைக் கண்ணால் தொடர்ந்து பார்த்து உறுதி செய்யுங்கள். மோட்டார் ரூமில் பல்பு எரிகிறது என்பது சான்றாகாது, எர்த் கம்பியையே நியூட்ரலாக வைத்துப் பல்பு எரிய விட்டிருக்கும் இடங்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். அத்தகைய எர்த் அறுந்தால் மோட்டாரின் உடலே ஷாக் அடிக்கும். அளவீட்டு வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மூடிய பிளாஸ்டிக் பெட்டியும் கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் கிளாண்டும் இல்லாமல் எதையும் மாட்ட வேண்டாம். ஆடிக் காற்றில் புழுதி உள்ளே படியும், கார்த்திகை மழையில் அதே புழுதி ஈரமாகி மின்சாரத்தைக் கடத்தும். அதையும் விடப் பெரிய எதிரி பல்லி. சூடாக இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போய், இரண்டு பேஸ் முனைகளுக்குக் குறுக்கே படுத்துக் கருகிக் கிடக்கும் பல்லியைப் பார்க்காத வயர்மேன் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. பெட்டிக்குள் மெயின் பக்கம், ஐந்து வோல்ட் பக்கம் இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தகட்டை நிறுத்தி, இரு பக்கக் கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டாமல் தனித்தனித் துளை வழியாக வெளியே எடுங்கள்.

இன்னொரு கண்ணி, ஊட்டத்தில் இருக்கிறது. மாட்யூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் 5 வோல்ட் ஊட்டம் மின்தேக்கியால் அழுத்தத்தைக் குறைக்கும் மலிவுச் சுற்றிலிருந்து வந்தால், கட்டிய சுவரின் பக்கத்திலேயே ஒரு வாசலைத் திறந்து வைத்ததாகிவிடும். அந்தச் சுற்றுகளின் கிரவுண்ட் மெயினோடு சேர்ந்தே இருக்கும். தரமுத்திரை உள்ள கைபேசி சார்ஜரைப் பயன்படுத்தினால் போதும்.

திருகைத் திருப்புவது

இசட்.எம்.பி.டி. மாட்யூலில் மின்மாற்றிக்குப் பின் எல்.எம்.358 என்ற ஆம்பிளிஃபயரும் பலமுறை சுற்றும் ஒரு சிறு திருகும் இருக்கும். அலை, ஊட்டத்தின் நடுவில், அதாவது 2.5 வோல்ட்டில் நின்று மேலும் கீழும் ஆடும். மேலே 2.5, கீழே 2.5 என்று இடம் இருப்பதாகத் தோன்றும், ஆனால் எல்.எம்.358 தன் ஊட்டத்துக்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்ட் ஊட்டத்தில் 3.5 வோல்ட்டுக்கு மேல் அது ஏறாது. ஆகவே அலையின் உச்சிக்கு மேலே உண்மையில் கிடைப்பது 1 வோல்ட் இடம் மட்டுமே. இதை அறியாமல் 230 வோல்ட்டுக்கே அந்த 1 வோல்ட்டையும் நிரப்பி வைத்தால், நியூட்ரல் அறுந்து ஒரு பேஸ் 280-க்கு ஏறும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆபத்து கூடக்கூட அளவு குறைந்து தெரியும் கருவி, இல்லாததைவிடக் கெடுதல்.

நான் 300 வோல்ட்டுக்கு இடம் விட்டுக் கணக்கிடுகிறேன். 300-இன் உச்சி 424 வோல்ட், அதற்கு 1 வோல்ட். அப்படியானால் 230-இன் உச்சியான 325 வோல்ட்டுக்கு 0.77 வோல்ட். ஆர்டுயினோ ஐடிஇயின் சீரியல் பிளாட்டரைத் திறந்து அலையைப் பார்த்தபடி, சிறு திருப்புளியால் திருகைத் திருப்புங்கள். முதலில் வேண்டுமென்றே கூட்டிப் பாருங்கள். மேற்புறம் மட்டும் கத்தியால் சீவியது போலத் தட்டையாகி, கீழ்ப்புறம் உருண்டையாகவே நிற்கும். அதுதான் ஆம்பிளிஃபயர் முட்டிக்கொள்ளும் அடையாளம். பிறகு குறைத்துக்கொண்டே வந்து, நடுக்கோட்டிலிருந்து உச்சி வரை உனோவில் 157 எண்கள் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அன்று மல்டிமீட்டர் 230 காட்டாவிட்டால், காட்டும் அளவை 230-ஆல் வகுத்து 157-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சில நேரம் மேலும் கீழும் ஒன்றுபோலச் சற்றே தட்டையாகத் தெரியும். அது உங்கள் குற்றமன்று, டி.வி., எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் எல்லாம் உச்சியில் மட்டும் மின்சாரத்தை உறிஞ்சுவதால் ஊரின் அலையே அப்படித்தான் இருக்கிறது. சரியான இடம் கிடைத்ததும் திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுங்கள். இனி அதைத் தொடக் கூடாது.

இ.எஸ்.பி.32 பயன்படுத்துபவர்கள் மாட்யூலுக்கு 3.3 வோல்ட் ஊட்டினால் போதும் என்று நினைப்பார்கள். அப்போது நடு 1.65, மேல் எல்லை 1.8, அலைக்கு இடமே இல்லை. 5 வோல்ட்டே ஊட்டி, வெளியீட்டை 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் பிரிப்பானால் மூன்றில் இரண்டாகக் குறைத்து, 20-இன் குறுக்கே இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நிரலும் அளவுத்திருத்தமும்

ஒரு சுழற்சி 20 மில்லி நொடி. பத்து முழுச் சுழற்சிகளுக்கு, அதாவது 200 மில்லி நொடிக்கு மாதிரிகளை எடுத்து, அவற்றின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்து, வர்க்கமாக்கி, வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் காண்பதுதான் ஆர்.எம்.எஸ். கணக்கு முழுவதும். சுழற்சி பாதியில் முடிந்தால் எண் நிலையில்லாமல் ஆடும். உனோ நொடிக்கு ஏறத்தாழ 9000 மாதிரிகள் எடுக்கும். மூன்று பேஸையும் மாறி மாறி எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சுழற்சிக்கு 60 மாதிரி கிடைக்கிறது, இந்த வேலைக்குத் தாராளம். மெயின் இல்லாதபோதும் இரைச்சலால் சில வோல்ட் காட்டும். அந்த மதிப்பின் வர்க்கத்தை ஒவ்வொரு அளவின் வர்க்கத்திலிருந்தும் கழித்துவிட்டு மூலம் காண வேண்டும்.

பிறகு, வந்த எண்ணை வோல்ட்டாக மாற்றும் பெருக்கெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். குமிழைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் கிடைத்தால் 180, 200, 220, 240, 260 என்று ஐந்து இடத்தில் வைத்து மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். டிம்மர்ஸ்டாட்டில் ஐசொலேஷன் கிடையாது, அதன் குமிழை இறக்கி வைத்திருந்தாலும் வெளியீட்டு முனை பேஸாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். டிம்மர்ஸ்டாட் இல்லாதவர்கள், ஊரே விளக்குப் போடும் மாலை ஏழு மணிக்கு ஒன்றும் ஊர் அடங்கிய நடுநிசிக்கு ஒன்றுமாக இரண்டு அளவு எடுத்தால் ஓரளவு இடைவெளி கிடைத்துவிடும்.

ஒப்பிடும் மல்டிமீட்டர் ட்ரூ ஆர்.எம்.எஸ். வகையா என்று பாருங்கள். விலை குறைந்த மீட்டர்கள் சராசரியை அளந்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. அந்தப் பெருக்கம் சைன் அலைக்கு மட்டுமே உண்மை. சதுர அலை தரும் வீட்டு இன்வெர்ட்டரின் 230 வோல்ட்டை அத்தகைய மீட்டர் 255 என்று காட்டும். கரண்டு போய் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் அளவுத்திருத்தம் செய்துவிட்டு, மறுநாள் எல்லாம் பத்துச் சதவீதம் தவறு என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

தூரம் போவதற்கு

மோட்டார் ரூமிலிருந்து வீடு 150 மீட்டர் தள்ளி இருந்தால், 1 வோல்ட் அளவிலான அலையைக் கம்பியில் அனுப்புவது வீண். பக்கத்து மோட்டார்க் கம்பியின் இரைச்சல் அதில் ஏறிக்கொள்ளும். அங்கேயே எண்ணாக மாற்றி வானலையில் அனுப்பலாம், அல்லது 4–20 மில்லி ஆம்பியர் மாட்யூலை வாங்கலாம். மின்னோட்டம் கம்பியின் நீளத்தால் குறைவதில்லை. 0–300 வோல்ட் மாட்யூலில் 230 வோல்ட்டுக்கு 16.27 மில்லி ஆம்பியர் வரும். வீட்டுப் பக்கம் 250 ஓம் ரெசிஸ்டரில் அது 4.07 வோல்ட். தொடக்கம் பூஜ்யத்தில் இல்லாமல் 4-இல் இருப்பதன் பயன், 4 வந்தால் பேஸில் மின்சாரம் இல்லை என்றும், 0 வந்தால் எலி கம்பியைக் கடித்துவிட்டது அல்லது மாட்யூலின் ஊட்டம் போய்விட்டது என்றும் பிரித்து அறியலாம் என்பது. அந்த ஊட்டத்தை அளக்கும் பேஸிலிருந்தே எடுத்தால் இந்தப் பயன் இல்லாமல் போகும். பேட்டரி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று எண்களைப் படிப்பது

ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு மாட்யூல் என மூன்றை மாட்டினால் 250 வோல்ட் வகையே போதும். பேஸுக்குப் பேஸ் 415 வோல்ட்டை அளக்க அந்த வகையைப் பயன்படுத்தவே கூடாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால், அந்த எண் பூஜ்யத்துக்கு இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓடும் மோட்டாரே அந்த முனையில் அழுத்தத்தை உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும், எண் சற்றுச் சரிந்து மட்டும் தெரியும். ஆகவே எச்சரிக்கையைப் பூஜ்யத்துக்கு வைக்காமல், மூன்றில் ஒன்று மற்ற இரண்டைவிடப் பத்துச் சதவீதம் விலகினாலே ஒலிக்கும்படி வைக்க வேண்டும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்த ஸ்டார்ட்டரில் உள்ள சிங்கிள் பேஸிங் பிரிவென்டரை இதை நம்பிக் கழற்றிவிடவும் கூடாது.

மானூரில் எல்லாம் மாட்டி முடித்த மூன்றாம் வாரம், விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த விவசாயி அழைத்தார். மோட்டார் ஓடவில்லை, திரையில் ஆர் பேஸ் 232, ஒய் 114, பி 117 என்று இருப்பதாகப் படித்துக் காட்டினார். ஒய்யையும் பியையும் கூட்டினால் 231, ஆர் முழுதாக இருக்கிறது. 11,000 வோல்ட் பக்கம் ஒரு கம்பி விட்டுப்போனால், டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருள்களில் ஒன்று முழு அழுத்தத்தையும், மற்ற இரண்டும் தொடராகச் சேர்ந்து பாதிப்பாதியையும் பெறும். நம் பக்கத்தில் அது அப்படியே ஒரு முழு, இரண்டு பாதியாகத் தெரியும். கோளாறு மோட்டார் ரூமில் இல்லை, டிரான்ஸ்பார்மருக்கு மேலே, உயர் அழுத்தப் பக்கத்து எச்.டி. பியூஸில் இருக்கிறது என்று சொன்னேன். ஒய்க்கும் பிக்கும் நடுவே மீட்டரை வைக்கச் சொன்னபோது, இரண்டிலும் கரண்டு இருந்தும் ஏறத்தாழப் பூஜ்யம் காட்டியதைக் கண்டு அவருக்கு வியப்பு. இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும் நிலை அது.

"அப்ப மோட்டார்ல ஒண்ணும் இல்லைங்கியளா தம்பி?"

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. லைன்மேன்கிட்ட எச்.டி. பியூஸைப் பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க."

எட்டரை மணிக்குத் திரையில் மூன்றும் 230-ஐ ஒட்டி வந்துவிட்டதாகச் செய்தி வந்தது.